கோணமா, கரமா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குழந்தைகளின் செவியில் ஒரே வடிவத்திற்கு மூன்று பெயர்கள் விழுகின்றன. கணக்கு வகுப்பில் அது டிரையாங்கிள்; தெலுங்கு வழியில் பயிலும் தோழருக்குத் திரிபுஜம்; தமிழ்ப் பாடத்தில் முக்கோணம். இவ்வூர்களில் இரு மொழிகள் ஒரே தெருவில் ஒலிப்பது புதிதன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை, சித்தூர் நகரம் வடஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது.

நேர்கோட்டுத் துண்டுகளால் முழுவதும் அடைபட்ட தட்டையான வடிவம் பலகோணம் எனப்படும். தமிழ் பெரும்பாலும் அதன் மூலைகளை எண்ணிப் பெயரிடுகிறது. தெலுங்கு பக்கங்களை எண்ணுகிறது. புஜம் என்பதற்குத் தோள், கை என்பன பொருள். எண்ணும் உறுப்பு வேறானால் எண்ணிக்கையும் மாறாதா? மாறாது. ஒரு பக்கம் முடியும் மூலையிலேயே அடுத்த பக்கம் தொடங்குகிறது. இறுதிப் பக்கம் முதற்பக்கத்தைத் தொட்டதும் வடிவம் மூடிக்கொள்கிறது. ஆகவே எத்தனை பக்கங்களோ அத்தனை கோணங்கள். அறுகோணம் என்றாலும் ஷட்புஜி என்றாலும் தேன்கூட்டின் அறை ஒன்றே.

நான்கு பக்க வடிவத்திற்கு மட்டும் தமிழ் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு நாற்கரம் என்கிறது. கரம் என்பது கை. வியப்பென்னவெனில், ஆங்கிலமும் இவ்விடத்தில் இவ்வாறே செய்கிறது. டிரையாங்கிள் மூன்று கோணங்களைக் குறிக்கும். குவாட்ரிலேட்டரல் நான்கு பக்கங்களைக் குறிக்கும். பென்டகன் மீண்டும் கோணத்திற்கே திரும்பிவிடும்.

இங்கே தமிழ் மாணவர் இடறி விழக்கூடிய குழி ஒன்று உண்டு. தெலுங்கு நண்பர் "சதுர்புஜம் வரை" என்றால், காதில் விழுந்த ஒலியை நம்பிச் சதுரம் வரைந்துவிடுதல் எளிது. அவர் கேட்டதோ ஏதேனும் ஒரு நாற்கரம். தெலுங்கில் சதுரத்தின் பெயர் சதுரஸ்ரம். செவ்வகத்தின் பெயர் தீர்க்கசதுரஸ்ரம், அதாவது நீண்ட சதுரம். சதுரம் ஒவ்வொன்றும் நாற்கரமே. நாற்கரம் ஒவ்வொன்றும் சதுரமன்று.

எண்ணுப் பெயர்கள் வடிவப் பெயர்களில் முழுமையாக வருவதில்லை. மூன்று 'மு' எனக் குறுகும். முக்காலி, முத்தமிழ் ஆகியவற்றிலும் அவ்வாறே. நான்கு 'நால்' ஆகி, கரத்தோடு சேரும்போது 'நாற்' எனத் திரியும். நாற்காலியில் நாள்தோறும் அமர்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஐங்கோணம், அறுகோணம், எழுகோணம், எண்கோணம் என வரிசை தொடரும். ஏழு என்னும் நெடில் எழுகோணத்தில் குறுகினாலும், திருமலையின் இறைவனை ஏழுமலையான் என அழைக்கும்போது குறுகாமல் நிற்கிறது. ஒன்பதுக்கு வந்தால் நூல்கள் வடமொழி எண்ணைக் கொண்டு நவகோணம் என்கின்றன.

பத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் காண நூல்களைத் தேட வேண்டியதில்லை, நாணயங்களே போதும். 1992 முதல் சில ஆண்டுகள் வெளிவந்த 2 ரூபாய் நாணயத்திற்கு 11 பக்கங்கள், அது பதினொருகோணம். 2020இல் புழக்கத்திற்கு வந்த 20 ரூபாய் நாணயத்திற்கு 12 பக்கங்கள், அது பன்னிருகோணம். பன்னிரண்டு 'பன்னிரு' ஆவதைப் பன்னிரு ஆழ்வார் என்னும் தொடரிலும் காணலாம். பாட்டியின் பெட்டியில் பழைய 20 பைசா அலுமினிய நாணயம் கிடைத்தால், அஃது அறுகோணம்.

பயிற்சி

1. எட்டு + கோணம், ஐந்து + கோணம்: சேர்த்து எழுதுக.

2. வீட்டிலுள்ள ஒரு நாணயத்தின் ஓரத்தைத் தாளில் வரைந்து, பக்கங்களை எண்ணித் தமிழிலும் தெலுங்கிலும் பெயரிடுக.

3. சதுரம் அல்லாத நாற்கரங்கள் இரண்டினை வரைக.