உங்க எஸ்ஐபி பணமும் போர்னியோ காடும்: நிலத்துக்கு ஒரு கேஒய்சி



மாசாமாசம் சம்பளம் வந்ததும் எஸ்ஐபி போயிடுது. அந்த ஃபண்டு வாங்கி வச்சிருக்கிற பங்குகள்ல சோப்பு, பிஸ்கட், ஷாம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியாவது இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பொருட்கள் பலதுலயும் பாமாயில் இருக்கு. உலகத்திலேயே அதிகமா பாமாயில் இறக்குமதி பண்ற நாடு இந்தியா. அதுல பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவுல இருந்து வருது.

அது காட்டை அழிச்சுப் போட்ட தோட்டத்துல விளைஞ்சதா, இல்லையா? இது சுற்றுச்சூழல் கேள்வி மட்டும் இல்லீங்க. உங்க முதலீட்டோட ரிஸ்க்கும் இதுல அடங்கியிருக்கு.

ஒரு கம்பெனி, ஒரு பாடம்

மலேசியாவின் ஐஓஐ குழுமம் பாமாயில் துறையில பெரிய பெயர். போர்னியோ தீவுல, மேற்கு கலிமந்தான் தோட்டங்கள்ல காடழிப்பு நடந்ததா அதன் மேல புகார் வந்தது. பாமாயிலுக்குச் சான்றிதழ் தர்ற ஆர்எஸ்பிஓ அமைப்பு, 2016-ல அந்தக் குழுமத்தோட சான்றிதழை நிறுத்தி வச்சது. உடனே யூனிலீவர், மார்ஸ், கெல்லாக் மாதிரியான பெரிய வாடிக்கையாளர்கள் விலகினாங்க. பங்கு விலையும் இறங்கிச்சு. சில மாதங்கள்ல தடை நீங்கினாலும் பாடம் நிற்குது: பேலன்ஸ் ஷீட்டுல தெரியாத ஒரு விஷயம் வியாபாரத்தையே அசைச்சிடும்.

நிலத்துக்கு எப்படி கேஒய்சி?

பேங்க் அக்கவுண்ட் தொடங்க பான், ஆதார் கேட்கிறாங்க இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் அதையே விளைபொருளுக்குக் கேட்குது. மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய 7 பொருட்களுக்கு இது பொருந்தும்.

- விளைஞ்ச நிலத்தோட ஜிபிஎஸ் இருப்பிடம் தரணும்.
- 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலமா இருக்கக் கூடாது.
- விளைஞ்ச நாட்டோட சட்டத்தையும் மீறியிருக்கக் கூடாது.

அமல் தேதி இரண்டு முறை தள்ளிப்போச்சு. இப்போதைக்கு பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30.

எங்க இடிக்குது?

இந்தோனேசியாவின் பனைத்தோட்டப் பரப்புல சுமார் 40% சிறு விவசாயிகள் கையில. எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டினதும் சீக்கிரமே ஆலைக்குக் கொண்டுபோகணும். இடைத்தரகர் பல தோட்டத்துக் குலைகளையும் ஒரே லாரியில ஏத்திடுவார். எது யாரோடதுன்னு பிரிக்கிறது கஷ்டம். ஆலைக்கு சுலபமான வழி, சிறு விவசாயியைக் கழட்டி விடுறதுதான். காட்டையே தொடாதவர்கூட பேப்பர் இல்லாததால சந்தையை இழக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. ஐரோப்பா மட்டும் கேள்வி கேட்டா, சுத்தமான எண்ணெய் அங்க போகும். மீதி, கேள்வி கேட்காத நாட்டுக்குப் போகும். காடு அழியறது நிற்காது.

அதனாலதான் வாங்குற நாடும் விளைவிக்கிற நாடும் சேர்ந்து உட்காரணும். 2023-ல ஐரோப்பிய ஒன்றியம், இந்தோனேசியா, மலேசியா மூணும் கூட்டுப் பணிக்குழு அமைச்சது இதுக்குத்தான். நிலத்தை வரைபடத்துல ஏத்துற செலவை யார் ஏத்துக்கிறாங்கங்கிறதுதான் உண்மையான பேச்சுவார்த்தை.

"அப்போ பாமாயிலையே விட்டுடலாமே?" அதுவும் தீர்வு இல்ல. ஒரு ஹெக்டேர்ல கிடைக்கிற எண்ணெய், சோயாவைவிட பனையில பல மடங்கு அதிகம். சோயாவுக்கு மாறினா இன்னும் அதிக நிலம் தேவைப்படும்.

நீங்க என்ன பண்ணலாம்?

1. உங்க ஃபண்டோட போர்ட்ஃபோலியோவைத் திறந்து, எஃப்எம்சிஜி, டயர், காபி கம்பெனிகளைக் குறிச்சு வைங்க.
2. அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையில பிஆர்எஸ்ஆர் பகுதியைப் பாருங்க. சந்தை மதிப்புல முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு 2022-23 முதல் செபி இதைக் கட்டாயமாக்கியிருக்கு.
3. அதுல கோட்பாடு 2-க்குப் போங்க. மூலப்பொருள்ல எத்தனை சதவீதம் நிலையான முறையில வாங்கப்பட்டதுன்னு ஒரு கேள்வி இருக்கும். பதிலை முந்தின வருஷத்தோட ஒப்பிடுங்க.

பத்து நிமிஷ வேலை. மழுப்பலான பதில் இருந்தா உடனே விக்கணும்னு அர்த்தம் இல்ல. பிஇ ரேஷியோ பக்கத்துல இன்னொரு ரிஸ்க்கா இதையும் எழுதி வைங்க.

(இது கல்விக்கான பதிவு மட்டுமே, முதலீட்டுப் பரிந்துரை அல்ல.)