வெள்ளமும் வாயில்லாச் சீவன்களும்

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இங்குச் சூறாவளி அரிது. 2001 டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கிய வாமேய் புயல் ஒரு விதிவிலக்கு. ஆனால், சூறாவளி வராத ஊரிலும் வெள்ளம் வரும். 2021 டிசம்பரில் குவாந்தான் அருகே கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. எட்டு மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. நெகிரி செம்பிலானும் அவற்றுள் ஒன்று. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தோட்டப்புறங்களில் துரையின் பங்களா மேட்டில் இருக்கும். தொழிலாளர் லயங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே தாழ்வான நிலத்தில் இருக்கும். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, ஆட்டுப்பட்டி, கோழிக்கூண்டு. அவற்றையும் தாண்டினால் ஓடை. ஆகவே, வெள்ளம் வீட்டு வாசலைத் தொடுமுன்பே கொட்டகைக்குள் புகுந்துவிடுகிறது.

மாடு நன்றாக நீந்தக்கூடிய விலங்கு. எனினும், முளையில் கட்டப்பட்ட மாட்டால் கயிற்றின் நீளத்திற்கு மேல் தலையைத் தூக்க முடியாது. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் பூட்டிய கூண்டிலுள்ள கோழிக்கும் இதே நிலைதான். உடன் கொண்டு செல்ல வழியில்லை என்றால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கூண்டைத் திறந்துவிட வேண்டும். மாடு தொலைந்துவிடுமே என்று தயங்குவோர் உண்டு. காதில் எண் பட்டையும் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணும் இருந்தால், தொலைந்த விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். கட்டிப்போட்ட விலங்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

விலங்கைக் காப்பது மனிதரைக் காப்பதுமாகும். 2005-இல் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியபோது, வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். அதன்பின், மக்களை வெளியேற்றும் திட்டங்களில் அவர்களின் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006-இல் அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்தில் பால்மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கோ அந்த மாடு பிள்ளையும் பிழைப்பும் ஆகும். அதை அவிழ்க்க இடுப்பளவு நீரில் மீண்டும் இறங்குவதுதான் பேராபத்து. முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளைக் கவனிக்கும் கடமையை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறது. ஆனால், துயர்துடைப்பு மையங்கள் பெரும்பாலும் பள்ளிகளும் மண்டபங்களும்தாம். பல குடும்பங்கள் நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் நாய்க்கும் ஆட்டுக்கும் இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க இயலாது. எனவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பருக்கு முன்பே, மேட்டில் இருக்கும் மாமா வீடோ சித்தப்பா வீடோ கேட்டு வைத்திருப்பது நல்லது. செம்பனைத் தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் மாடுகளை நிறுத்துவதானால் நிருவாகத்திடம் முன்னரே பேசிவிட வேண்டும். மழை வலுத்த இரவில் மேலாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சிறு விலங்குகளுக்குச் செலவு அதிகமில்லை. மூடியுள்ள பிரம்புக் கூடையில் பூனையைக் கொண்டு செல்லலாம். இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டினால் சில கோழிகளுக்குப் போதும். தடுப்பூசி அட்டையையும் விலங்குடன் எடுத்த புகைப்படத்தையும் நெகிழிப்பையில் வைத்துக்கொள்ளலாம். கன்றும் ஆட்டுக்குட்டியும் விரைவில் களைத்துப்போகும். ஆதலால், அவற்றையே முதலில் மேட்டுக்கு ஏற்ற வேண்டும்.

நீர் வடிந்த பின்னும் அவசரம் கூடாது. கொட்டகையின் உலர்ந்த மூலையில் பாம்பு ஒதுங்கியிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரையும் நாயையும் மாட்டையும் பிடிக்கும். ஆகவே, ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்தே கழுவ வேண்டும். ஊறிப்போன தவிட்டையும் புண்ணாக்கையும் வீணாகிறதே என்று மாட்டுக்கு வைத்துவிடக்கூடாது. பூஞ்சை பிடித்த தீவனம், வெள்ளத்தில் பிழைத்த மாட்டையும் நோயில் தள்ளிவிடும்.