இலை முன் ஒரு கோப்பை, இலை எடுத்தபின் ஓர் இசை

கேள்வி: கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63. ஜெர்மனியில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டுடன் ஒரு கோப்பை ஒயின் தருவார். நான்கு பேர் வாசிக்கும் ‘ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ இசையையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். மதுரை மணி ஐயரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிதாகவும் இருந்தது, நெருக்கமாகவும் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு இரண்டையும் விட மனமில்லை. நம் காரத்துக்கும் புளிக்கும் எந்த ஒயின் ஒத்துப்போகும்? சாப்பிடும்போது எந்த இசையைப் போடலாம்? “இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒட்டுமா?” என்று மனைவி கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், எழுமலை.

பதில்: உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன் ஐயா. ஒட்டுமா என்றால், ஒரு காலத்தில் ஒட்டித்தான் இருந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியிருக்கிறார். பாட்டுடைத் தலைவன் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். யவனர் என்ற மேலைநாட்டு வணிகர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, அதாவது மதுவை, பொற்கலத்தில் அருந்தி இனிது வாழ்க என்பது புலவரின் வாழ்த்து. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில், ரோமானியர் ஒயின் அனுப்பிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்தக் கால அரசர்களின் அவைகளில் பாணர் யாழ் மீட்டினார்கள். ஊனும் சோறும் தேறலும் பரிசிலும் பெற்றார்கள். ஆற்றுப்படை நூல்கள் முழுக்க இதே காட்சிதான். ஒரு கூடம், சில கேட்பவர்கள், ஒரு யாழ், ஒரு விருந்து. ஐரோப்பியர் ‘சேம்பர் மியூசிக்’ என்று சொல்லும் அறை இசைக்கும் இதுவே அடிப்படை.

திராட்சையும் உங்களுக்குத் தூரத்து உறவில்லை. உசிலம்பட்டி போய், ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடந்து, தேனி தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவரவியலில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பத்துத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் எப்போதாவது கிடைத்தால், குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். சிறு வயதில் தின்ற பன்னீர் திராட்சையின் வாசம் மூக்கில் ஏறும்.

இனி சாப்பாடு. நம் சமையலில் ஒயினுக்குச் சவாலாக இருப்பவை இரண்டு: காரம், புளி. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். சிவப்பு ஒயினில் உள்ள டானின், கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கை வறளவைக்கும் துவர்ப்பு. அதுவும் காரமும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயின் கசக்கும். ஆகவே மட்டன் சுக்கா, குடல் குழம்பு என்று இலையில் காரம் ஏறியிருக்கும் நாளில், ‘கறிக்குச் சிவப்பு ஒயின்’ என்ற ஐரோப்பிய விதியை மறந்துவிடுங்கள். ஆல்கஹால் குறைந்த, இலேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின்தான் அன்றைக்குத் துணை. ஷெனின் பிளாங்க், ரீஸ்லிங் என்ற பெயர்களைத் தேடுங்கள். நாசிக் பக்கத்து ஷெனின் பிளாங்க் உள்நாட்டிலேயே கிடைக்கும் சரக்கு.

புளி விஷயத்தில் ஓர் அழகான பொருத்தம் உண்டு. புளியம்பழத்தில் மிகுந்திருக்கும் டார்டாரிக் அமிலம்தான் திராட்சையின் முதன்மையான அமிலமும். இரண்டும் ஒரே புளிப்பு. குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட ஓங்கினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆகவே அயிரை மீன் குழம்புக்குப் புளிப்பு எடுப்பாக உள்ள சாவின்யான் பிளாங்க் சரியாக நிற்கும். கருவாட்டுக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம். வாயில் இரும்பு வாடை தட்டும். மிளகாய் குறைத்து மிளகும் சீரகமும் போட்டு வறுத்த ஆட்டுக்கறி என்றால், துவர்ப்பு குறைந்த சிவப்பு ஒயினைத் துணிந்து திறக்கலாம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். அந்த விதியில் வரும் அறை, குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். எழுமலையில் சித்திரை மாதத்து அறை அதைப்போல் இரு மடங்கு. சிவப்பு ஒயினையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். திறந்ததை அன்றே தீர்க்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இனி இசை. அது நாக்கின் தீர்ப்பையே மாற்றும். ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஏட்ரியன் நார்த், 250 பேருக்கு ஒயின் கொடுத்து வெவ்வேறு இசையைக் கேட்கவைத்தார். கனத்த இசையைக் கேட்டவர்கள் தங்கள் ஒயின் கனமாக இருப்பதாகச் சொன்னார்கள். துள்ளும் இசையைக் கேட்டவர்களுக்கு ஒயின் துள்ளலாகப் பட்டது. 2012-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆகவே சாப்பாட்டின்போது எதைப் போடுகிறோம் என்பதற்குப் பொருள் உண்டு.

சாப்பாட்டுக்கென்றே எழுதப்பட்ட இசை இருக்கிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் டெலிமான் 1733-இல் ஹாம்பர்க் நகரில் வெளியிட்ட ‘டாஃபல்முசீக்’ என்ற தொகுப்பின் பெயருக்கே மேசை இசை என்றுதான் பொருள். முன்பணம் கட்டி அதை வாங்கியவர்களில் இசையமைப்பாளர் ஹாண்டலும் ஒருவர். மோசார்ட் 16 வயதில், 1772-இல், தந்திக் கருவிகளுக்கு எழுதிய ‘டைவர்டிமென்டோ’ என்ற இலகு இசைத் துண்டுகள் மூன்றும் இலை முன் கேட்க ஏற்றவை. இந்த இசை பேச்சுக்கு இடம் விடும். பேச்சு ஓயும்போது வந்து நிரப்பும்.

எல்லா அறை இசையும் அப்படியல்ல. அதற்கு நம்மிடமே பெரிய சான்று இருக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மைக் கிடையாது. வீணையின் ஒலி எட்டும் தூரத்துக்குள் உட்கார்ந்த சிலர்தான் சபை. வித்வான்களே வந்து மூச்சடக்கிக் கேட்ட இடம் அது. அந்த இசைக்கு முன்னால் ஒரு டம்ளர் நகரும் சத்தமும் அதிகப்படி. ஒரு சிறிய அறையில், அருகிலிருந்து, முழுக் கவனத்தோடு கேட்பதற்கென்று தமிழில் அமைந்த உச்சம் அதுதான் என்பேன்.

இரண்டு மரபுக்கும் பாலம் போட்டவர்களில் ஒருவர் உங்கள் திசைக்காரர்தான். கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கினார். அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பிறகு ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ குழுவை அமைத்து, கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு எழுதினார். மணி ஐயரைக் கேட்ட காதுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. உங்கள் மனைவியையும் அருகில் உட்காரவைத்து முதலில் இதைப் போடுங்கள். தெரிந்த கீர்த்தனை நான்கு குரல்களில் பிரிந்து சேர்வதை அவரே கண்டுகொள்வார்.

அதன் பிறகு பீத்தோவனுக்கு வாருங்கள். 1825 வசந்தத்தில் அவர் குடல் நோயில் விழுந்தார். மருத்துவர் பிரவுன்ஹோஃபர் ஒயின் கூடாது, காபி கூடாது, மசாலா கூடாது என்று தடுத்துவிட்டார். பிழைத்தெழுந்து, இறைவனுக்கு நன்றியாக ஓபஸ் 132 குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதியை எழுதினார். ஏறக்குறைய கால் மணி நேரம் நீளும் அந்தப் பகுதி பெரும்பாலும் லிடியன் என்ற பழைய சுர அமைப்பில் அமைந்தது. அந்த அமைப்பின் ஏழு சுரங்களும் நம் கல்யாணி ராகத்தின் சுரங்கள். கமகம் இல்லாத, அசையாத கல்யாணி. இதை இலை முன் போடாதீர்கள். இலை எடுத்து, கை கழுவி, விளக்கைக் குறைத்து, கோப்பையைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து கேளுங்கள்.

சொல்லாமல் விடக்கூடாதவை சில. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘இதயத்துக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கூட்டிக் குடிக்காதீர்கள். 63 வயதில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கோப்பையும் வேண்டாம். குடித்த இரவில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். பன்னீர் திராட்சை கைக்கெட்டுகிறதே என்று வீட்டில் ஒயின் போடவும் இறங்காதீர்கள். உரிமமின்றி மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

குடியால் குடும்பங்கள் சிதைந்ததை நம் ஊர்கள் கண்ணால் கண்டிருக்கின்றன. உங்கள் மனைவியின் கேள்விக்குள் அந்தப் பயமும் இருக்கலாம், அதை மதியுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஒயினை விட்டுவிடுங்கள், இசையை விடாதீர்கள். ஒயின் இல்லாமல் அந்தக் குவார்ட்டெட் ஒரு துளியும் குறையாது. அவர் சம்மதித்தால் ஞாயிறு இரவு ஒரே ஒரு கோப்பை, அதுவும் சாப்பாட்டோடு முடியட்டும். பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கால் மணி நேரத்தைக் கேளுங்கள்.