மதுக்கரையும் சின்ட் பீட்டரும் – சுண்ணாம்புக்கல் தந்த ஈரூர்கள்

வரலாற்று நூல்கள் பேரரசுகளைப் பேசும். சிற்றூர்களைப் பேசுவது அரிது. ஆகவே புவியியல் மாணவனாகிய நான், என் சொந்த ஊராகிய மதுக்கரையைப் பற்றி எழுத விழைகிறேன். ஒப்பிட்டு நோக்குவதற்காக நெதர்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றையும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

அமைவிடம்

மதுக்கரை, கோவைக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்துள்ளது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியே இக்கணவாய். பருவக்காற்றும் வணிகரும் வந்த வழி இது. 1862-இல் சென்னையை மேற்குக் கரையின் பேப்பூருடன் இணைத்த இருப்புப்பாதையும் இவ்வழியாகவே சென்றது.

கல்லும் ஆலையும்

எங்கள் மண்ணில் கிடைப்பது படிகச் சுண்ணாம்புக்கல். பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை இது. 1934-இல் இங்கே சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் அது, 1936-இல் உருவான ஏ.சி.சி. நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்றாயிற்று.

ஆலை ஏன் இங்கே வந்தது? தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால், ஏறத்தாழ 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறிவிடும். வீணாகும் எடையைச் சுமந்து செல்வானேன்? எனவே கல் இருக்குமிடம் தேடி ஆலை வருகிறது. எடை இழக்கும் மூலப்பொருள் தொழிற்சாலையைத் தன்பால் ஈர்க்கும் என்னும் பாடத்திற்கு எங்கள் ஊரே சான்று.

சின்ட் பீட்டர்

நெதர்லாந்தில் மாஸ் ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர் சின்ட் பீட்டர். 1920-இல் அது மாஸ்ட்ரிக்ட் நகருடன் இணைந்தது. அதன் குன்று மென்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கிடைத்த மாபெரும் கடல் ஊர்வனவின் மண்டையோட்டைப் பிரெஞ்சுப் படையினர் பாரிசுக்குக் கொண்டு சென்றனர். கிரெட்டேசியக் காலத்தின் இறுதிப் பகுதிக்கு ‘மாஸ்ட்ரிக்டியன்’ என்னும் பெயர் இவ்வட்டாரத்தால் வந்ததே. நம் அரியலூர்ப் பாறைகளிலும் அக்காலப் படிவுகள் உண்டு.

1926-இல் அங்கும் ஒரு சிமெண்ட் நிறுவனம் தோன்றியது. குன்றின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. 2018-இல் கல் எடுப்பது நின்றது. அதற்கு முன்னரே, குழியை என்ன செய்வது என்று திட்டம் வகுத்துவிட்டனர். இன்று அவ்விடத்தில் நீர்நிலையும் நடைபாதையும் உள்ளன. செங்குத்துப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன.

நாம் கற்க வேண்டியது

என் அப்பாரு கற்குழியில் கூலிக்குக் கல் உடைத்தவர். அந்தக் கூலியில்தான் என் தந்தையார் பள்ளி சென்றார். ஒருநாள் நான் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னார்: “நெல்லு அறுத்தா மறுபடி வெளையுங் கண்ணு. வெட்டுன கல்லு மொளைக்காது.”

புதுப்பிக்க இயலாத வளம் என்று நூல் கூறுவதை அவர் தம் கைகளால் அறிந்திருந்தார். மதுக்கரை 2021-இல் நகராட்சியாக உயர்ந்துள்ளது. எங்கள் கல் எத்தனையோ வீடுகளாகவும் பாலங்களாகவும் நிற்கிறது. அதில் எனக்குப் பெருமையே. ஆயினும் கல் தீருமுன்னரே, குழியில் நீர் தேக்குவதா, மரம் வளர்ப்பதா என்று ஊரார் கூடிப் பேசுதல் வேண்டும். சின்ட் பீட்டர் செய்ததை மதுக்கரையும் செய்யலாம். அதற்கான அளவைப் பணிக்குப் புவியியல் மாணவர்களாகிய நாமே முதலில் முன்வருவோமாக!