எலும்புப் புரை நோயும் பல் பதித்தலும்

அங்கத்தினர் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

நூலைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேச வேண்டிய இப்பக்கத்தில் பல்லைப் பற்றிய பாடம் எதற்கு என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தாயாருக்கு வயது அறுபத்தைந்து. இளமை முதல் வீட்டில் தார் சுற்றி வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முற்றத்தில் வழுக்கி விழுந்தபோது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பரிசோதித்த டாக்டர், எலும்புப் புரை நோய் இருப்பதாகக் கூறி, வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார். பின்னர்க் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. எடுத்து மாட்டும் பல்செட் வேண்டாம், தாடையில் பதிக்கும் பல்லே வேண்டும் என்றார். அண்டை வீட்டார் ஒருவர், "எலும்பு தேய்ந்தவர்களுக்குப் பல் பதிக்க மாட்டார்கள், அந்த மாத்திரையும் தாடைக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பிய தாயார் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டார். பல் வைத்தியரிடம், "மருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லை" என்றும் கூறிவிட்டார். பழைய மருந்துச் சீட்டு கைப்பையில் இருந்ததை நான் பின்னரே கண்டேன். ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்யும் நான், வீட்டில் நான்கு மாதம் மருந்து நின்றதை அறியாமல் இருந்தேன். பிற குடும்பங்களில் இவ்வாறு நேராதிருக்கவே இப்பாடத்தை எழுதலானேன்.

எலும்பின் வரவு செலவு

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் வாழ்நாள் முழுதும் நடைபெறுகின்றன. ஏறக்குறைய முப்பது வயது வரை வரவு மிகுதி. அதன் பின் செலவு மெல்ல மிகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் இச்செலவு விரைவுபடுகிறது. இருப்பு மிகக் குறைந்து, சிறு வீழ்ச்சிக்கும் எலும்பு முறியும் நிலையே எலும்புப் புரை நோய். டெக்ஸா என்னும் பரிசோதனையில் கிடைக்கும் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் இந்நோய் என்று கொள்வர்.

பல் பதித்தல் என்பது யாது?

பல்லின் வேர் இருந்த இடத்தில் டைட்டானியம் உலோகத் திருகாணி ஒன்றைத் தாடை எலும்பினுள் பதித்து, அதன் மேல் பல் பொருத்துவதே இம்முறை. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதை 1952-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர் இங்வார் பிரோனெமார்க், முயல்களிடம் செய்த ஆராய்ச்சியின்போது கண்டார். 1965-இல் கோதன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அவ்வாறு பதித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பற்கள் அவருக்குப் பயன்பட்டன. எலும்பு திருகாணியைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நட்ட கால் இறுகும் முன் அதன் மேல் பாரம் ஏற்றலாகாது என்பது நெசவாளரும் உழவரும் அறிந்ததே.

நோய் தடையாகுமா?

எலும்புப் புரை நோய் ஒன்றே பல் பதிக்கத் தடையாகாது. இந்நோய் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் பதித்த பற்கள் நிலைப்பதில் பெரும் வேறுபாடு இல்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பெலும்பின் அளவைக் கொண்டு தாடையின் நிலையைத் தீர்மானிக்க இயலாது. தாடையையே படமெடுத்துப் பார்த்தல் வேண்டும். எலும்பு மென்மையாக இருப்பின், ஆறும் காலத்தை வைத்தியர் நீட்டிப்பார்.

கவனிக்க வேண்டியது மருந்தே

அலென்ட்ரோனேட் போன்ற வார மாத்திரைகளும், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு கரைவதைத் தடுப்பவை. இவற்றைக் கொள்பவர்களில் மிகச் சிலருக்கு, பல் பிடுங்கிய பின்னரோ தாடையில் அறுவை செய்த பின்னரோ, ஈறு மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து நசிந்துபோவதுண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் வைத்திய உலகம் இதைக் கவனித்து வருகிறது. எட்டு வாரத்திற்கு மேலும் ஆறாத புண்ணே இதன் முக்கிய அடையாளம்.

இது அரிதானது. எலும்புப் புரை நோய்க்காக வார மாத்திரை உண்பவர்களில் பதினாயிரத்தில் சிலருக்கே நேர்கிறது. புற்றுநோய்க்காக இம்மருந்துகளைப் பெரிய அளவில் பெறுவோர்க்கு அபாயம் பன்மடங்கு மிகுதி. அவர்களுக்குப் பல் பதிப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பர். மருந்து உண்ட ஆண்டுகள் கூடினாலும், ஸ்டீராய்டு மருந்து சேர்ந்தாலும் அபாயம் சற்று உயரும்.

அப்படியாயின் மருந்தை நிறுத்திவிடலாமே எனின், அதுவே பெருந்தவறு. வார மாத்திரையின் மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது. சில வாரம் நிறுத்துவதால் தாடைக்குப் பெரும் நன்மை இல்லை. நாள்பட நிறுத்தினாலோ இடுப்பும் முதுகெலும்பும் முறியும் அபாயம் திரும்புகிறது. டெனோசுமாப் ஊசியைத் தவணை தவறவிட்டால், முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்ததும் உண்டு. ஆகவே ஊசியை நிறுத்தாமல், அதன் தவணையை அனுசரித்துப் பல் வேலையின் நாளைக் குறிப்பதே முறை.

செய்ய வேண்டியவை

1. எலும்புக்கான மருந்தைத் தொடங்கு முன்பே பல் வைத்தியரிடம் வாயைக் காட்டி, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கிவிடுதல் நலம்.

2. மருந்தின் பெயர், தொடங்கிய மாதம், கடைசியாக எடுத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பல் வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். முன்பு உண்டு நிறுத்திய மருந்தையும் குறிப்பிட வேண்டும்.

3. மருந்தைத் தொடர்வதா, தள்ளிவைப்பதா என்பதை எலும்பு டாக்டரும் பல் வைத்தியரும் கலந்து முடிவு செய்யட்டும்.

4. புகையிலையை, வெற்றிலையோடு சேர்வதையும், விட வேண்டும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இவ்விரண்டும் புண் ஆறுவதைக் கெடுக்கும்.

5. இச்சிகிச்சைக்குச் செலவு அதிகம். தாடையைப் படமெடுத்து, இது தகும் என்று வைத்தியர் கூறிய பின்னரே நகைக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தகாதெனில் பல்செட்டோ, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலமோ உண்டு.

6. பதித்த பின் வலி, வீக்கம், சீழ், வெளியே தெரியும் எலும்பு ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே காட்ட வேண்டும்.

என் தாயாருக்கு இரு வைத்தியர்களும் கலந்து பேசினர். மாத்திரை மீண்டும் தொடங்கியது. ஒரு பல் மட்டும் பதித்து, ஐந்து மாதம் காத்திருந்து, மேற்பல் பொருத்தினர். மற்றோர் இடத்தைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று விட்டிருக்கின்றனர். இப்போது அப்பக்கத்திலும் மென்று உண்ணுகிறார்.

சங்கத்தின் கணக்கில் ஒரு வரியை மறைத்தால் நட்டம் எங்கே தொடங்கியது என்று ஒருவராலும் காண இயலாது. வைத்தியரிடம் ஒரு மருந்தை மறைப்பதும் அத்தகையதே. அங்கத்தினர்கள் இன்றே தம் இல்லத்து முதியோரின் மருந்துச் சீட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.