தாதிமைப் பட்டம்: குறுக்கு வழியும் நேர்வழியும்

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு கைவந்த கலை. ஒரு சரக்கு எத்தனை நாளில் வந்து சேரும், என்ன விலைக்குப் போகும், போட்ட முதல் எப்போது கைக்குத் திரும்பும் என்பதை விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். ஆயினும், நம் பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போது மாத்திரம் இந்தக் கணக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரோ சொன்ன சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது சரியன்று.

"என் மகள் தாதியாக வேண்டுமென்று விரும்புகிறாள். அவளிடம் வேறு பட்டம் எதுவும் இல்லை. சீக்கிரமாகத் தாதிமைப் பட்டம் பெற வழியுண்டா?" என்பது நம்மவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஓராண்டுப் பட்டம் யாருக்கு?

அமெரிக்காவில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தாதிமைப் பட்டம் தரும் விரைவுப் படிப்புகள் உண்டு என்று நம் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால், அவை ஏற்கனவே வேறொரு துறையில் பட்டம் பெற்றவர்களுக்காக ஏற்பட்டவை. அவர்கள் முன்னரே படித்துத் தேறிய பொதுப் பாடங்களைத் திரும்பவும் படிக்க வேண்டியதில்லை; அதனால் காலம் குறைகிறது. முன்பட்டம் இல்லாதவருக்குக் கழிப்பதற்கு அந்தப் பாடங்கள் இல்லை. ஆகவே அந்தக் குறுக்கு வழியும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொதுப் பாடத்தைக் குறைக்கலாம். நோயாளியின் படுக்கையருகே நின்று பழகும் நேரத்தை அவ்வாறு சுருக்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, பொதுத் தாதியாக விரும்புபவர் குறைந்தது மூன்றாண்டும், ஏட்டுப் படிப்பும் செய்முறைப் பயிற்சியும் சேர்த்து 4,600 மணி நேரமும் பயில வேண்டும். இந்தியாவிலும் தாதிமைப் பட்டப்படிப்பு நான்காண்டுகள். டிப்ளோமா பெற்ற தாதி பட்டம் பெற மேலும் ஈராண்டுகள். ஊசி போடவும், மருந்தின் அளவை அறியவும், நாடியின் மாற்றத்தை முகம் பார்த்தே உணரவும் கை பழக வேண்டும் அல்லவா?

சிங்கப்பூரில் உள்ள வழிகள்

இனி நமது ஊருக்கு வருவோம். முன்பட்டம் இல்லாத பிள்ளைக்கு இங்கே திறந்திருக்கும் வாசல்கள் நான்கு.

ஒன்று: மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறிய பிள்ளை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் 2005-இல் அமைந்தது. 2006-இல் பட்டப்படிப்பு தொடங்கிற்று. மூன்றாண்டில் பட்டம், ஆனர்ஸ் பட்டத்திற்கு நான்காண்டு என்னும் ஏற்பாட்டில் அது நடந்து வந்திருக்கிறது.

இரண்டு: சாதாரண நிலைத் தேர்வு முடித்த பிள்ளை நன்யாங் அல்லது நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு தாதிமை டிப்ளோமா படிக்கலாம். (அத்தேர்வுக்குப் பதிலாக 2027 முதல் புதிய இடைநிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்க.) டிப்ளோமா முடித்தவர் பதிவு பெற்ற தாதியாகலாம். பின்னர் அவர்களுக்கென்றே உள்ள ஈராண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துடன் கூடிச் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் நடத்திய படிப்பு இந்த வகையைச் சேர்ந்ததே.

மூன்று: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை பயின்ற பிள்ளை துணைநிலைத் தாதியாகப் பணியில் அமரலாம், தக்க மதிப்பெண் பெற்றால் டிப்ளோமாவுக்கு ஏறலாம், அங்கிருந்து பட்டத்திற்கும் ஏறலாம். படிகள் அதிகம். ஆனால் எந்தப் படியிலும் கதவு அடைபடவில்லை.

நான்கு: வேறு துறையில் டிப்ளோமா பெற்று வேலை பார்ப்பவர்களுக்குத் தொழில் மாற்றுத் திட்டம் ஒன்று உண்டு. அதன்வழி ஈராண்டில் பதிவு பெற்ற தாதியாகலாம். பயிலும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கணக்கியல் டிப்ளோமா வைத்துக்கொண்டு தந்தையின் கடையில் கணக்கெழுதும் பெண்ணுக்கும் இந்த வாசல் திறந்திருக்கக் கூடும்.

இப்போது கணக்கைப் போடுவோம். சாதாரண நிலை முடித்த பெண் தொடக்கக் கல்லூரியில் ஈராண்டும் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டும் படித்தால் மொத்தம் ஐந்தாண்டு. டிப்ளோமா மூன்றாண்டும் பட்டம் ஈராண்டும் படித்தாலும் மொத்தம் அதே ஐந்தாண்டுதான்! வேற்றுமை என்னவெனில், இரண்டாவது வழியில் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே அவள் தொழிலுக்குத் தகுதி பெறுகிறாள். குடும்பத்தில் கஷ்டம் நேர்ந்தால் அங்கேயே நின்று சம்பாதிக்கலாம்; வசதி வந்தபின் பட்டம் படிக்கலாம். முதல் வழியிலோ ஐந்தாண்டும் நிறைந்த பின்னரே ஊதியம். புத்தகப் படிப்பில் கூர்மையான பிள்ளைக்கு முதல் வழியும், கைத்திறமையும் சீக்கிரம் ஊதியமும் வேண்டும் பிள்ளைக்கு இரண்டாம் வழியும் ஏற்றது.

ஏமாறாதிருக்க

பட்டம் வேறு, பதிவு வேறு. இவ்விரண்டின் பேதத்தை அறியாதவர்தாம் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பெயர் பதிவாகி, தொழில் புரியும் சான்றிதழும் கையில் இருந்தால்தான் ஒருவர் இங்கே தாதி. பதிவில்லாத பட்டம் லைசென்ஸ் இல்லாத கடையைப் போன்றது. பலகை அழகாக இருக்கும், வியாபாரம் நடத்த முடியாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரால் நடைபெறும் குறுகிய காலத் தாதிமைப் பட்டங்கள் பல, ஏற்கனவே பதிவு பெற்ற தாதியருக்கான மேற்படிப்புகள். அவர்களுக்கு அவை பயன் தரும். பதிவே இல்லாத பிள்ளை அவற்றில் சேர்ந்தால், பணமும் போய், ஆண்டும் போய், கையில் ஒரு காகிதம் மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டிலோ வேறெங்கோ படித்துவிட்டு வருபவரும் வாரியத்தின் மதிப்பீட்டைக் கடந்த பின்னரே இங்கு பணியில் சேர இயலும்.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்படிப்பு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா? ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? முடித்தவுடன் பதிவு கிடைக்குமா, அல்லது முன்பே பதிவு இருக்க வேண்டுமா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். பிறகு வாரியத்திடமே நேரில் விசாரித்துச் சரிபாருங்கள். சரக்கை நிறுத்துப் பார்க்காமல் வாங்குவோமா?

செலவும் ஒப்பந்தமும்

பொது மருத்துவமனைகளின் குழுமங்கள் தாதிமை மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கின்றன. ஆனால் அதற்குப் பிணை உண்டு: படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே பணிபுரிய வேண்டும், இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். மகளுக்கு எப்போது திருமணம், மாப்பிள்ளை எந்த ஊர் என்பனவற்றையும் யோசித்துவிட்டுக் கையெழுத்திடுவது நலம். அந்த யோசனையில் மகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். உழைக்கப் போகிறவள் அவளே. குறைந்த வருமானமுள்ள இந்தியக் குடும்பங்களின் மாணவர்கள் 1991-இல் அமைந்த சிண்டாவையும் நாடலாம்.

தொழிலில் நிலைத்து நிற்பவர்க்கு ஆதாயமும் உண்டு. பொதுச் சுகாதாரத் துறையில் நீடித்துப் பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை அரசாங்கம் 2024-இல் அறிவித்தது.

நம் பெண்களுக்கு ஏற்றதா?

"தாதி வேலை நம் பெண்களுக்கு ஆகுமா?" என்று தயங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது கவலையை எள்ளி நகையாட வேண்டாம். தலைமுக்காட்டைக் கழற்றிவிட்டுப் பணிபுரிய வேண்டுமே என்ற மனக்குறை நீண்ட காலம் இருந்தது மெய். 2021 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அதனை மாற்றப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் பொதுச் சுகாதாரத் துறையில் முஸ்லிம் தாதியர் விரும்பினால் முக்காடு அணியலாம் என்றாயிற்று. அந்தத் தடை இன்றில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவின் பள்ளிவாசலருகே கூடாரமிட்டுக் காயம்பட்டோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரை நாம் அறிவோம். சிங்கப்பூரிலோ 1885-இல் கன்னியர் மடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் தாதிப் பணியைத் தொடங்கினர். அதன் நினைவாகவே ஆகஸ்ட் 1 தாதியர் தினமாக இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலுள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,000-க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. நம் வீட்டுப் பெண்களின் பிரசவத்திற்கு ஒரு பெண் தாதி வேண்டும் என்று கேட்கிறோம். அந்தத் தாதி யாரோ ஒருவர் வீட்டு மகள் அல்லவா?

ஆதலின், சகோதரர்களே, பட்டம் எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று கேட்பதை விடுத்து, பதிவு எந்த ஆண்டில் கிடைக்கும், அதன்பின் எங்கே ஏறலாம் என்று கேளுங்கள். கல்லூரிகள் பொது வரவேற்பு நாட்கள் நடத்தும்போது கடையை ஒரு பொழுது மற்றவர் பொறுப்பில் விட்டுவிட்டு மகளையோ மகனையோ அழைத்துச் செல்லுங்கள். அந்த ஆண்டின் சேர்க்கை விதிகளை அங்கேயே கேட்டுக் குறித்து வாருங்கள்.