வெந்நீர்த் தொட்டிக்குக் குழாய் போடும்போது...



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தக் குழுவினர் கடன் வாங்கி மெஸ் நடத்துகிறார்கள். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் மாடியில் சோலார் வெந்நீர் சாதனம் வைத்திருக்கிறார்கள். "மேடம், வெயில் கொளுத்துது, தண்ணி மட்டும் சூடாக மாட்டேங்குது. தவணை மாசாமாசம் போகுது" என்று வருத்தப்பட்டார்கள். மாடி ஏறிப் பார்த்தோம். சாதனத்தில் கோளாறு இல்லை. குழாய் போட்டதில்தான் கோளாறு!

எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடி மூடிய கறுப்புத் தகட்டுக்குள் செம்புக் குழாய்கள் இருக்கும். அதில் தண்ணீர் சூடாகும். 25 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீரின் எடை 997 கிராம். 60 டிகிரியில் 983 கிராம்தான். சூடான தண்ணீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும். கனமான பச்சைத் தண்ணீர் கீழே தகட்டுக்கு இறங்கும். இந்த 14 கிராம் வித்தியாசம்தான் இங்கே மோட்டார். அதனால் சின்னத் தடை இருந்தாலும் ஓட்டம் நின்றுவிடும்.

நாம் பார்க்க வேண்டியவை

1. தொட்டியின் அடிப்பாகம் தகட்டின் மேல்முனையைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் ஓட்டம் திரும்பி, சேர்த்த சூடு போய்விடும்.

2. தொட்டியின் அடியிலிருந்து வரும் குழாய் தகட்டின் கீழ்முனையில் சேர வேண்டும். தகட்டின் மேல்முனையிலிருந்து கிளம்பும் குழாய் தொட்டியின் மேல்பகுதியில் சேர வேண்டும். அது ஒரே ஏறுமுகமாக இருக்கட்டும். நடுவில் மேடாக வளைத்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். அந்த மெஸ்ஸில் நடந்தது இதுதான்.

3. பச்சைத் தண்ணீர் தொட்டியின் அடியில் நுழைய வேண்டும். வெந்நீரை மேல்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

4. காற்றுக் குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக, எப்போதும் திறந்திருக்க வேண்டும். "தண்ணி சொட்டுது" என்று யாரோ அதைத் துணி வைத்து அடைத்திருந்தார்கள். இது ஆபத்து! உள்ளே அழுத்தம் கூடினால் தொட்டி வெடிக்கலாம். சொட்டினால் குழாயை உயர்த்துங்கள், அடைக்காதீர்கள்.

5. வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் வேண்டாம், இளகிவிடும். சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. குழாய் போட்டு, சூடு போகாமல் மேலே உறை சுற்ற வேண்டும்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் செம்புக் குழாயில் உப்பு படியும். அவ்வப்போது ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

என்ன லாபம்?

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் கரண்ட் ஆகும். வெயில் உள்ள நாளெல்லாம் அது நமக்கு மிச்சம்.

குழாயை நேராக்கி, அடைப்பை எடுத்த மறுநாள் சாயங்காலம் போன் வந்தது: "மேடம், கை வைக்க முடியல!" சந்தோஷம்தான். ஆனால் 60 டிகிரி வெந்நீர் சில நொடியில் தோலை வேகவைத்துவிடும். பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அதில் வெந்நீரைக் கலக்குங்கள். பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: பொருள் வாங்கும்போது பத்து கடை ஏறி விலை கேட்கிறோம். அதைப் பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தோமா? இந்த ஐந்தையும் சரிபார்த்த பிறகுதானே கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்?